படம் ஓடும்போது மண்டைக்குள் என்ன ஓடுகிறது?

1996ஆம் ஆண்டு. மழை பொய்த்து, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு முழுக்க மின்வெட்டு. திருகோணமலைக்கு அது பெரிய செய்தி இல்லை, ஏற்கெனவே இருட்டுப் பழகிய ஊர். பாலையூற்றில் மாமா வீட்டு முற்றத்தில் ஒருநாள் டெக் எடுத்துப் படம் போட்டார்கள். டெக் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. வீடியோ கசட் ஓடும் பெட்டி, ஒரு ரீவி, இரண்டு மூன்று கசட், ஒரு ஜெனரேட்டர், எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகை.

முன்னால் பாய், அதில் சின்னப் பிள்ளைகள். பின்னால் வாங்கு, அதற்கும் பின்னால் கதிரைகளில் பெரியவர்கள். வேலியோரம் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி அயலட்டைப் பெடியள். என்னைக் கச்சான் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது உட்கார இடம் இல்லை. கிணற்றுக்கட்டுப் பக்கம், ரீவிக்கு அருகிலேயே சாய்வாக உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கதாநாயகனே ஒட்டடைக் கம்பு மாதிரி ஒல்லியாகத் தெரிந்தார். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், படத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

முப்பது நாற்பது முகம், எல்லாவற்றிலும் ஒரே நீல வெளிச்சம். திரையில் ஒரு கதவு திறந்தால் எல்லாக் கண்ணும் ஒன்றாக அந்தப் பக்கம் போகும், யாரோ கயிறு கட்டி இழுப்பது மாதிரி. கச்சானை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்கும். ஒரு கை இல்லை, ஏழெட்டுக் கை. பிறகு அத்தனை கையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறுபடி அசையும். அம்மம்மாவுக்கும் ஐந்து வயது மச்சாளுக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் ஒரே நூலில் ஆடிய பொம்மைகள்.

இரண்டு மணி நேரம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் ஒரு மணி நேரம்தான். இடைவேளை தாண்டிக் கொஞ்சத்தில் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. பெற்றோல் முடிந்துவிட்டது. போர்க்காலம், அந்த நேரத்தில் இராணுவத்தின் சென்றிப் பொயின்ற் தாண்டிப் போய் யார் வாங்கி வருவது? மீதியை அடுத்த நாள் பின்னேரம் பார்த்தோம். அந்த மீதிப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

கிணற்றுக்கட்டிலிருந்து நான் பார்த்ததை மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தவர் யூரி ஹாசன் என்ற இஸ்ரேலிய நரம்பியல் ஆய்வாளர். 2004இல் அவரும் கூட்டாளிகளும் ஐந்து பேரை ஒவ்வொருவராக எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைத்து, செர்ஜியோ லியோனி 1966இல் எடுத்த 'த குட், த பேட் அண்ட் த அக்லி' என்ற கௌபாய் படத்தின் அரை மணி நேரத்தைப் போட்டுக் காட்டினார்கள். இதைக் கவனி, அதை எண்ணு என்று எந்த வேலையும் கொடுக்கவில்லை. சும்மா படத்தைப் பாருங்கள், அவ்வளவுதான்.

அந்த நாளில் இது கொஞ்சம் துணிச்சலான காரியம். மூளை ஆய்வு என்றால் ஒரு கோடு, ஒரு வட்டம், ஒரு முகத்தின் புகைப்படம் என்று தனித்தனியாகச் சில விநாடிகள் காட்டி அளப்பதுதான் வழக்கம். மனிதர்களை அவிழ்த்துவிட்டு ஒரு முழுநீளப் படத்தைக் காட்டினால் ஒவ்வொரு மூளையும் தன் இஷ்டத்துக்கு எங்கோ மேயும், அளந்து ஒன்றும் ஆகாது என்பதுதான் பொதுவான எண்ணம். வந்த விடையோ வேறு. மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளிப் போர்வையில், ஏறக்குறைய 30 சதவீதப் பரப்பு, ஐந்து பேரிலும் ஒன்றுபோல ஏறி இறங்கியது. ஒருவரின் மூளை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவரின் மூளை எந்த நேரத்தில் எங்கே சூடாகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தக் கருவி எண்ணத்தை அளப்பதில்லை, நரம்பு மின்னோட்டத்தையும் நேரடியாக அளப்பதில்லை. மூளையின் எந்தப் பகுதி கூடுதலாக வேலை செய்கிறதோ அங்கே ஒட்சிசன் நிறைந்த இரத்தம் பாய்கிறது. அந்த மாற்றத்தைத்தான் பார்க்கிறது. அதுவும் ஐந்தாறு விநாடி பிந்தித்தான் உச்சத்துக்கு வரும். அடுப்பைப் பார்க்காமல், கூரையில் கசியும் புகையைப் பார்த்துச் சமையல் நடக்கிறது என்று சொல்வதைப் போல. 'இந்தப் பகுதி மின்னுகிறது, எனவே இவர் காதலில் இருக்கிறார்' என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் ஐந்து வீட்டுக் கூரையிலும் ஒரே விநாடியில் புகை வந்தால், அது தற்செயல் இல்லை என்று சொல்ல அந்தப் புகையே போதும்.

ஹாசன் குழு அடுத்ததாகச் செய்தது எனக்குப் பிடித்த பகுதி. வழக்கமாக 'முகத்தைக் காட்டுகிறேன், எந்தப் பகுதி துடிக்கிறது' என்று கேட்பார்கள். இவர்கள் தலைகீழாகக் கேட்டார்கள்: இந்தப் பகுதி துடித்த கணங்களில் திரையில் என்ன இருந்தது? முகங்களை அடையாளம் காணும் பகுதி உச்சத்துக்குப் போன இடங்களை எடுத்துப் பார்த்தால், வரிசையாக முகங்களின் அண்மைக் காட்சிகள். இடங்களையும் கட்டடங்களையும் கவனிக்கும் பகுதிக்கு, பரந்த வெளிக் காட்சிகள். இன்னொரு பகுதிக்கு, துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவது போன்ற நுணுக்கமான கைவேலைகள். படத்தின் ஒவ்வொரு ஷாட்டும் மண்டைக்குள் ஒவ்வொரு கதவைத் தட்டிக்கொண்டே போகிறது.

சரி, எல்லாப் படமும் இப்படிப் பிடித்து இழுக்குமா? இல்லை. 2008இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதே குழு நாலு விதமான காட்சிகளை ஒப்பிட்டது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1961இல் தொலைக்காட்சிக்கு எடுத்த ஒரு கதை: நிஜத் துப்பாக்கி என்று தெரியாமல் ஒரு சின்னப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க ஆட்களை நோக்கி நீட்டி விளையாடுகிறான். அதில் குண்டு இருப்பது பார்க்கிற நமக்குத் தெரியும், கதையில் இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியாது. இதைப் பார்த்தவர்களின் மூளைப் புறணியில் 65 சதவீதம் ஒன்றாக ஆடியது. அதே கௌபாய் படம் இந்த ஒப்பீட்டில் 45 (2004இல் வந்த 30 வேறோர் ஆய்வின் கணக்கு). ஒரு நகைச்சுவைத் தொடர் 18. கடைசியாக, ஒரு பூங்காவில் கமராவை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து எடுத்த, வெட்டாத ஒட்டாத காட்சி. அது 5 சதவீதத்தையும் தொடவில்லை.

டச் பே கடற்கரையில் பின்னேரம் ஒரு கமராவை நட்டுவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்து குப்பையைக் கிளறும் மானில் நிற்கும். என் கண் கச்சான் வண்டியில். பக்கத்தில் இருப்பவர் தூரத்து வள்ளத்தைப் பார்ப்பார், இன்னொருவர் நாளைய கடன் தவணையை நினைத்துக்கொண்டிருப்பார். அத்தனையும் திரையில் இருக்கிறது. ஆனால் எதை எப்போது பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. படத்தொகுப்பாளர் செய்வது அதைத்தான். இப்போது மான், இப்போது அதன் வாயில் பொலித்தீன் பை, இப்போது அதைக் கண்டு ஓடிவரும் பெண் என்று வெட்டி வைத்துவிட்டால் உங்கள் மேய்ச்சல் முடிந்தது.

இந்தச் சதவீதங்களை வைத்து எது நல்ல படம் என்று தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டால் அது அபத்தம். ஆய்வாளர்களே அதைச் சொல்லிவிட்டார்கள், இது பிடியின் அளவு, தரத்தின் அளவு இல்லை என்று. பார்ப்பவரைத் தன் போக்கில் அலையவிடுவதற்காகவே எடுக்கும் படங்கள் உண்டு. அவற்றில் இந்த எண் குறைவாகத்தான் வரும், வரவும் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு வெடி வைத்து எல்லாரையும் ஒன்றாகத் துள்ளவைப்பது எவ்வளவோ சுலபம்.

ஆனால் இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. திரையில் எதுவுமே அசைவதில்லை. பிலிம் காலத்தில் விநாடிக்கு 24 அசையாப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருட்டு. பழைய புரொஜெக்டரில் படம் பார்த்த ஒருவர், டிக்கட் காசில் ஏறக்குறைய பாதி நேரத்துக்கு வெறும் இருட்டைத்தான் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குவதுதான் காரணம் என்று படித்தோம். அது போதாது. பிம்பம் தங்கினால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கலங்கல்தான் மிஞ்சும். அசைவை உண்டாக்குவது மூளை. அதற்கென்றே பிடரிப் பக்கமாக, காதுக்குச் சற்று மேலே பின்னால், வி5 என்று பெயரிட்ட ஒரு பகுதி இருக்கிறது.

அந்தப் பகுதி பழுதானால் என்ன ஆகும் என்பது 1983இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலும் இந்த இடம் பாதிக்கப்பட்டிருந்தது. நிறம் தெரியும், முகம் தெரியும், எழுத்துத் தெரியும். அசைவு மட்டும் தெரியாது. கோப்பைக்குள் தேத்தண்ணீர் ஊற்றினால் தாரை உறைந்த பனி மாதிரி நிற்கும். கோப்பையில் மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. வீதியைக் கடக்கும்போது தூரத்தில் நின்ற கார் திடீரென்று பக்கத்தில் இருக்கும். நாம் தினமும் யோசிக்காமல் பெறுகிற சினிமா அவருக்கு வெறும் புகைப்பட அல்பம்.

சத்தத்திலும் இதே கதைதான். தியேட்டரில் ஸ்பீக்கர் வேறெங்கோ இருக்கிறது, குரல் நடிகரின் வாயிலிருந்து வருகிறது. கண்ணும் காதும் முரண்பட்டால் 'எங்கிருந்து' என்ற கேள்வியில் மூளை கண்ணின் பக்கம் சாய்ந்துவிடும். பொம்மலாட்டக்காரர் பிழைப்பதும் இதனால்தான்.

அப்புறம் வெட்டு. ஒரு கணம் தெருவில் நிற்கிறோம், அடுத்த கணம் அடுப்படியில், அடுத்த கணம் பத்து வருடம் பின்னால். நிஜ வாழ்க்கையில் இப்படி நடந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் ஓடுவோம். படத்தில் மட்டும் ஏன் கலங்குவதில்லை? ஒரு காரணம், நம் கண்ணே ஒரு படத்தொகுப்பாளர். விநாடிக்கு மூன்று முறையாவது அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. தாவும் அந்தக் கணத்தில் பார்வையை மூளை அடக்கிவிடுகிறது. துண்டு துண்டாக வருவதைத் தைத்து முழு உலகமாகக் காட்டுவது அதற்குப் பழகிய தொழில்.

ஆனாலும் எல்லா வெட்டும் பிறவியிலேயே புரிந்துவிடாது. துருக்கியின் தெற்கு மலைப்பகுதியில், அதுவரை படமே பார்த்திராத பெரியவர்களைத் தேடிப் பிடித்து ஆய்வாளர்கள் சின்னச் சின்ன வீடியோக்களைக் காட்டினார்கள். 2010இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தேநீர் போடுவது போன்ற தெரிந்த காரியம் ஒன்று தொடர்ச்சியாக ஓடினால், இடையில் வெட்டு வந்தாலும் அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒரு வீட்டின் வெளிப்புறத்தைக் காட்டிவிட்டு, அடுத்து உள்ளே ஒரு பெண் இருப்பதைக் காட்டினால், அவள் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்பது சிலருக்கு எட்டவில்லை. எங்கள் வீட்டில் மூதூரிலிருந்து வந்து நின்ற பாட்டி ஒருவர் படம் முடியும் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார்: "இவன் இப்ப எங்க வந்திட்டான்? முந்தி நிண்ட இடம் எங்க?" நாங்கள் சிரிப்போம். அவர் கேட்டது சரியான கேள்வி. எங்களுக்குத்தான் பழகிவிட்டது.

இரண்டு துண்டுகளை ஒட்டினால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும் என்பதை நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்யாவில் இயக்குநர் லெவ் குலெஷோவ் காட்டியதாகச் சொல்வார்கள். உணர்ச்சியற்ற ஒரு நடிகரின் முகம், அடுத்து ஒரு கிண்ணம் சூப். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துயரத்தையும் கண்டு நடிப்பை மெச்சினார்களாம். அந்தச் சுருள் இப்போது இல்லை, கதை கொஞ்சம் மெருகேறியும் இருக்கலாம். ஆனால் 2006இல் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் இதே மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தபோது, எந்தக் காட்சியோடு சேர்த்துக் காட்டினார்களோ அதற்கேற்ப ஒரே முகம் வேறு வேறாகத் தோன்றியது. மூளையின் செயற்பாடும் அதோடு மாறியது. அழுத்தமான முகத்தோடு நிற்கும் நம் கதாநாயகர்கள் பலரின் நடிப்பில் பாதி இப்படி வந்தது என்று நான் சொன்னால் அடிக்க வருவீர்கள், விட்டுவிடுகிறேன்.

கிணற்றுக்கட்டுக்குத் திரும்பலாம். அன்றைக்கு நான் கவனித்த இன்னொன்று கண் வெட்டுவது. கொஞ்ச நேரம் யாருமே இமைக்கமாட்டார்கள், பிறகு முற்றம் முழுக்க இமைகள் படபடக்கும். நான் கற்பனை செய்தேன் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2009இல் ஜப்பானில் தமாமி நகானோ குழு மிஸ்டர் பீன் நகைச்சுவையைப் போட்டுக்காட்டி, பார்ப்பவர்களின் இமைகளை எண்ணியது. நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கிறோம். கண்ணை ஈரமாக வைத்திருக்க அவ்வளவு தேவையே இல்லை. அந்த உபரி இமைப்புகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால், ஒரு செயல் முடிகிற இடத்தில், முக்கிய ஆள் திரையை விட்டுப் போகிற இடத்தில், ஒரே காட்சி திரும்ப வருகிற இடத்தில். அதுவும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாக. கதை இல்லாத இயற்கைக் காட்சி ஓடும்போதோ, கதையைக் காதால் மட்டும் கேட்கும்போதோ அந்த ஒற்றுமை இல்லை. ஆக, தவறவிட்டாலும் பரவாயில்லை என்று மூளை நினைக்கிற கணத்தில்தான் கண் மூடுகிறது. 2013இல் அதே ஆய்வாளர் இன்னொன்றும் கண்டார்: இமைக்கிற கணத்தில் வெளியே கவனிக்கும் வலையமைப்பு சற்றுத் தளர்கிறது, நாம் சும்மா இருக்கும்போது உள்ளே எதையாவது அசைபோடும் வலையமைப்பு எழும்புகிறது. ஒரு கண் வெட்டுக்குள் ஒரு குட்டி இடைவேளை.

பெரிய இடைவேளைகளும் உண்டு. ஒரு காட்சி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில், யாரும் கேட்காமலே, மூளை ஒரு கோடு கிழிக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மேலே சொன்ன ஹிட்ச்காக் கதையை இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். காட்சி முடிகிற இடங்களிலெல்லாம் ஹிப்போகாம்பஸ் துள்ளியது. அந்தப் பெயருக்குக் கடற்குதிரை என்று பொருள். உருவமும் வலையில் மாட்டி வருகிற கடற்குதிரை மாதிரி வளைந்துதான் இருக்கும். புதிய நினைவைக் கட்டிப் பத்திரப்படுத்தும் வேலை இதனுடையது. காட்சி ஓடும்போது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிந்த கையோடு முடிச்சுப் போட்டு உள்ளே வைக்கிறது.

கதையைப் பிடித்துவைத்திருப்பது எவ்வளவு நேரத்துக்கு என்பது பகுதிக்குப் பகுதி வேறு. ஹாசன் குழு பழைய மௌனப் படங்களை நாலு விநாடி, பன்னிரண்டு விநாடி, முப்பத்தாறு விநாடித் துண்டுகளாக நறுக்கி, குலுக்கிப் போட்டுக் காட்டியது. பின்னாலிருந்து முன்னாலும் ஓட்டியது. கண்ணிலிருந்து முதலில் செய்தி வாங்கும் பிடரிப் பகுதிக்கு ஒரு கவலையும் இல்லை. குலுக்கினால் என்ன, தலைகீழாக ஓட்டினால் என்ன, வருகிற ஒவ்வொரு கணத்துக்கும் அதே ஒழுங்கில் பதில் சொன்னது. உள்ளே போகப் போகத்தான் நிலைமை மாறியது. சில பகுதிகளுக்கு நீண்ட துண்டு வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்காள் ஒற்றுமை குலைந்துபோகும். எழுத்துக் கூட்டுகிறவர் ஒருவர், வசனம் படிக்கிறவர் ஒருவர், முழுக்கதை கேட்கிறவர் ஒருவர் என்று ஒரே வீட்டில் இருப்பது மாதிரி.

இந்த முழுக்கதை கேட்கிறவர்தான் ஜெனரேட்டர் நின்ற அன்று எங்கள் எல்லாருக்குள்ளும் தொங்கலில் விடப்பட்டவர். அதைக்கூட ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2016இல் ஜானிஸ் சென் என்பவரும் ஹாசனும் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு குழு படத்தின் இரண்டு பாதியையும் அடுத்தடுத்துப் பார்த்தது. இன்னொரு குழு முதல் பாதியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து மீதியைப் பார்த்தது. மறுநாள் வந்தவர்களுக்கு, இரண்டாம் பாதியின் முதல் சில நிமிடங்களில், அந்தக் கடற்குதிரைக்கும் மூளைப் புறணியின் உயர்பகுதிகளுக்கும் இடையே போக்குவரத்து அதிகம். நேற்றைய கதையை இழுத்துக்கொண்டு வருகிற வேலை. தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, கதை இன்னும் கைப்பிடியிலேயே இருந்தது. தொடர் நாடகத்தில் 'இதுவரை நடந்தது' என்று போடுகிறார்களே, போடாவிட்டாலும் மண்டைக்குள் ஓடும்.

இவ்வளவு நேரமும் ஒற்றுமையைப் பற்றியே சொன்னேன். ஹிட்ச்காக்கின் 65 போக மிச்சம் 35 சதவீதம் என்ன செய்தது? எனக்கு அதுதான் முக்கியம்.

மாமா வீட்டுப் படத்தில் ஒரு வெடிகுண்டுக் காட்சி வந்தது. வாகனம் ஒன்று தீப்பிடித்துப் பறந்தது. பாயில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியம்மா எழும்பினார். "சத்தத்தைக் குறையுங்கோ" என்றார், திரையைப் பார்க்காமலே. மாமா குறைத்தார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பெரியவர்கள் எல்லாரும் வெளியே காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள், இந்தச் சத்தத்துக்குப் பின்னால் வேறு சத்தம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று. நம் சத்தம் வெளியே எவருக்காவது வேறு மாதிரிக் கேட்டிருக்குமா என்ற பயமும் இருந்தது. அந்த வெடியோசை எல்லாருடைய செவிப்புலப் பகுதியிலும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனதும் பாயும் கதிரையும் வேறு வேறு உலகம்.

இதற்குக் கிட்டத்தில் வருகிற ஆய்வு ஒன்று பின்லாந்தில் நடந்தது, 2014இல் வெளிவந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் காட்சியை ஒரே ஆட்களுக்கு இரண்டு முறை காட்டினார்கள். ஒருமுறை துப்பறிகிறவரின் கண்ணோடு பார்க்கச் சொன்னார்கள், மறுமுறை வீட்டை அலங்கரிப்பவரின் கண்ணோடு. ஒரே படம்தான். ஒரே கண்ணோட்டத்தில் பார்த்தவர்களின் மூளைகள் தங்களுக்குள் கூடுதலாக ஒத்துப்போயின. 2018இல் அமெரிக்காவில் ஒரு பட்டமேற்படிப்பு வகுப்பில் 42 மாணவர்களுக்குப் பலவிதமான வீடியோத் துண்டுகளைக் காட்டினார்கள். வகுப்பில் யார் யாருக்கு நண்பர் என்பது ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தது. நண்பர்களின் மூளைகள்தான் ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்தவை. நண்பரின் நண்பர் அதற்கு அடுத்தபடி. ஒன்றுபோல உலகைப் பார்ப்பதால் நண்பர்களாகிறோமா, நண்பர்களானதால் ஒன்றுபோலப் பார்க்கிறோமா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு, படத்தில் பெரிய அலை வந்தால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் எழும்பி அடுப்படிக்குப் போவார், தண்ணீர் குடிக்க. யாரும் எதுவும் கேட்பதில்லை. திரையில் அது கணினி வரைந்த அலை என்று அவருக்கும் தெரியும். பயத்தைக் கையாள்வதில் பெரிய பங்குள்ள அமிக்டலா, பாதாம் பருப்பளவு உள்ள ஒரு பகுதி, அந்த 'தெரியும்' வந்து சேரும் வரை காத்திருப்பதில்லை. பேய்ப் படத்தில் நாம் துள்ளிவிட்டுப் பிறகு சிரிப்பதும் அந்த வரிசையில்தான்.

படம் பார்ப்பதைப் பற்றி யூடியூபில் சொல்கிறவர்கள் ஒன்று எல்லாம் டோபமின், ஆசையைத் தூண்டும் மூளை இரசாயனம், என்பார்கள், இல்லாவிட்டால் 'ரீவி பார்க்கும்போது மூளை நித்திரை கொள்கிறது' என்பார்கள். இரண்டாவது சுத்தப் பொய். நித்திரை கொள்கிற மூளையில் கண்ணும் காதும் முகமும் இடமும் நினைவும் இப்படி வரிசையாக வேலை செய்யாது. முதலாவது பொய் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து விற்கிற சந்தைக்கடை வைத்தியம்.

படத்தால் மூளைக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கனடாவில் 2014இல் நடந்த ஒன்றை. லொரினா நாச்சியும் ஏட்ரியன் ஓவனும் அதே ஹிட்ச்காக் கதையை எட்டு நிமிடமாகச் சுருக்கி, முதலில் ஆரோக்கியமானவர்களுக்குக் காட்டினார்கள். பையன் துப்பாக்கியை நீட்டும் இடங்களில் கதையைத் தொடர்ந்து 'அடுத்து என்ன' என்று கணக்குப் போடும் முன்மூளைப் பகுதிகள் எல்லாரிலும் ஒன்றாக ஏறின. பிறகு 16 வருடமாகப் பேச்சோ அசைவோ எதுவும் பதிலாக வராமல் கிடந்த ஒரு நோயாளிக்கு அதே படத்தைப் போட்டார்கள். அவருடைய மூளையும் அதே இடங்களில் அதே மாதிரி ஏறி இறங்கியது. குண்டு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதினாறு வருடத்தில் 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று வந்த செய்தி அது, அதைக் கொண்டுவந்தது ஒரு சஸ்பென்ஸ் கதை. கையை அசை, கண்ணை மூடு என்று கட்டளையிட்டு எதிர்பார்த்திருந்தால் அது வந்திருக்காது.

இனி நினைவு. ஜானிஸ் சென் குழு 2017இல் இன்னொன்றும் செய்தது. ஷெர்லாக் தொடரின் ஐம்பது நிமிடத்தைக் காட்டிவிட்டு, பார்த்தவர்களை அதே குழாய்க்குள் படுத்தபடியே கதையைச் சொல்லச் சொன்னார்கள். எந்தக் குறிப்பும் இல்லாமல், நினைவிலிருந்து. ஒவ்வொருவரும் தன் சொல்லில் சொன்னார், நீளமும் ஆளுக்காள் வேறு. ஆனாலும் ஒரே காட்சியைச் சொல்லும்போது அவர்களின் மூளைக் கோலங்கள் ஒத்திருந்தன. வியப்பு அதற்கு அடுத்ததில்: சில பகுதிகளில், ஒருவர் சொல்லும்போது இருந்த கோலம், படம் பார்த்தபோது இருந்த கோலத்தைவிட, இன்னொருவர் சொல்லும்போது இருந்த கோலத்தோடுதான் கூடுதலாக ஒத்துப்போனது. படம் நினைவாகும்போது மாறுகிறது. அந்த மாற்றமும் பலருக்கு ஒரே திசையில் நடக்கிறது.

இதை எழுதுகிறபோது அந்த இரவைப் பற்றிச் சரிபார்க்க, இப்போது கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். அவளுக்கு அப்போது ஐந்து வயதுதான், ஆனால் எல்லாம் நினைவிருக்கிறது. ஜெனரேட்டர் நின்றது, கச்சான் கோது பாயில் குத்தியது, மறுநாள் பின்னேரம் மீதிப் பாதி, கடைசிச் சண்டையில் மழை, மாமா அழுதது. எனக்கும் அப்படியே, மழை உட்பட. பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"என்ன கதை கதைக்கிறியள்? டெக்காரன் விடியக் காலமையே வந்து எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போயிட்டான். மீதி ஆர் பார்த்தது?"